தமயந்திக்கு ‘அன்புடன்’ வரவில்லை

மெயிலின் கடைசி வரியில் என்ன போடுவது என்பதற்காக ஒரு கம்பெனியே இரண்டுபட்டு நின்றது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நின்றது. கோயம்புத்தூரில் கணபதியைத் தாண்டி இருக்கும் ஒரு பம்ப் கம்பெனி. பெயர் நமக்கெதற்கு? அவர்கள் பாட்டுக்கு மோட்டார் செய்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள், விடுங்கள்.

அந்தக் காலத்தில் மெயில் எழுதும் வேலையை மனிதர்கள் கைகழுவி ரொம்ப நாளாகியிருந்தது. இன்னாருக்கு இன்ன விஷயம் என்று நாலு வார்த்தை தட்டினால் போதும், மீதியை மெஷின் தேனாக எழுதித் தள்ளிவிடும். தேனாக எழுதியதுதான் வினையாகிப்போனது. உடுமலைப்பேட்டை டீலர் ஒருவருக்கு, அவருடைய கருகிப்போன மோட்டாருக்கு வாரண்டி கிடையாது என்று ஒரு மெயில் போயிற்று. அதன் அடியில் ‘பேரன்புடன்’ என்று போட்டிருந்தது. மனிதர் அந்த மோட்டாரை டெம்போவில் ஏற்றிவந்து கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, “இதானுங்க உங்க பேரன்பு? நீங்களே வெச்சுக்கங்க” என்று சொல்லித் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

முதலாளி மௌனகுருசாமிக்கு அது சுருக்கென்று தைத்தது. பெயரில்தான் மௌனம், வாயைத் திறந்தால் மூடமாட்டார். அன்றைக்கே எல்லோரையும் கூட்டிவைத்து, “மெயில் பூராத்தையும் மெஷினு எழுதட்டும், வேண்டாங்கல. கடைசி வரி மட்டும் நெசமா இருக்கோணும். நெஞ்சுல இல்லாதது இந்த கேட்டத் தாண்டி வெளிய போகப்படாது” என்றார். சொன்னதோடு நிற்காமல் மெய்யொப்பம் என்ற ஒன்றை விலை பேசி வாங்கியும் வந்துவிட்டார்.

மெய்யொப்பம் என்பது மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. மெயில் தட்டும்போது அது நம் நாடியையும் மூச்சையும் விரல் அழுத்தத்தையும் பார்க்கும். பார்த்து, யாருக்கு எழுதுகிறோமோ அவர்மேல் நமக்கு என்ன இருக்கிறது என்று தானே தீர்மானித்துக் கடைசி வரியைப் போட்டுவிடும். நிறைய இருந்தால் ‘மிக்க அன்புடன்’. இருந்தால் ‘அன்புடன்’. சுமாராக இருந்தால் ‘மரியாதையுடன்’. ஒன்றுமே இல்லையென்றால் ஒன்றும் போடாது, வெறும் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கும். போட்டதை மாற்றவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

முதல் மாதம் ஆபீஸில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. அக்கவுண்ட்ஸ் ராஜமாணிக்கமும் அவர் மனைவி சுலோச்சனாவும் அதே கம்பெனியில்தான் வேலை. அவர் மனைவியின் செக்‌ஷனுக்கு அனுப்பிய மெயிலில் ‘மரியாதையுடன்’ என்று வந்துவிட்டது. சுலோச்சனா அதைக் கேண்டீனில் எல்லோருக்கும் காட்டி, “கல்யாணமாகி இத்தன வருசத்துல இதாவது வந்துச்சேன்னு சந்தோசப்படறேன்” என்றாள். வீட்டில் அவருக்குச் சோறு கிடைத்ததா என்பது வேறு கதை. பர்ச்சேஸ் கந்தவேலு இருக்கிறாரே, முதலாளி தும்மினால் கைக்குட்டை நீட்டுகிறவர், அவர் முதலாளிக்கு எழுதிய மெயில் மொட்டையாகப் போனது. மனிதர் வெலவெலத்துவிட்டார். அடுத்த மெயிலுக்கு முன்னால் காபி மேல் காபியாகக் குடித்துவிட்டு மாடிப்படி ஏறி இறங்கி வந்து எழுதினார். ‘மிக்க அன்புடன்’ வந்தது. அதற்கப்புறம் அவர் காபி இல்லாமல் மெயில் எழுதியதே கிடையாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். தமயந்தி விஷயம்தான் சிரிக்க முடியாததாகிப்போனது.

தமயந்தி டீலர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி, பல்லடம் என்று சுற்றுவட்டாரத்து டீலர் அத்தனை பேரும் அவள் கையில். எந்த டீலருக்குச் சர்க்கரை, எவர் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எவர் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்துகொண்டதில்லை. மோட்டார் பற்றிக் கேட்க போன் செய்கிறவர்கள் வைக்கும்போது இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள். ஆபீஸிலும் அப்படித்தான். யாருக்குத் தலைவலி என்றாலும் அவள் மேசை டிராயரைத்தான் திறப்பார்கள், அவளைக் கேட்காமலே.

அவளுடைய மெயில் அத்தனையும் மொட்டையாகப் போனது. ஒன்றிரண்டு இல்லை, அத்தனையும். காங்கேயம் டீலர் சென்னியப்பனுக்கு, தாராபுரத்துக்கு, பக்கத்து சீட்டுக்கு, முதலாளிக்கு. ‘தமயந்தி’. அவ்வளவுதான்.

முதலில் பட்டையில்தான் கோளாறு என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு பட்டை கொடுத்தார்கள். அதிலும் அதேதான். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். டிராயரைத் திறக்கும் கைகள் குறைந்தன. கேண்டீனில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு கொஞ்சம் தணிந்தது.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பாள். நேத்ரா விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை. நேத்ரா அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண். போன வருஷம் அந்தப் பெண்ணுக்கு வயிற்றுப் பிள்ளை தங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லீவு போட்டுவிட்டு கூடவே இருந்தவள் தமயந்தி. பெற்ற தாய் ஹைதராபாத்திலிருந்து வந்து சேரும்வரை தலை வாரிவிட்டதும் ரசம் கரைத்துக் கொடுத்ததும் அவள்தான். நேத்ரா அவளுக்கு எழுதும் மெயிலில், அது வெறும் ஸ்டாக் கணக்காக இருந்தாலும், ‘மிக்க அன்புடன்’ தவறாமல் வரும். பதிலுக்கு வருவது மொட்டைப் பெயர்.

ஒரு நாள் மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே நேத்ரா கேட்டுவிட்டாள்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எம் மேலகூடவா உங்களுக்கு ஒண்ணுமே தோணறதில்ல?”

“அட, என்ன கண்ணு இப்படிக் கேக்கற?”

“இல்ல, ஆஸ்பத்திரியில இருந்தீங்களே, அது பாவமேன்னு இருந்தீங்களாக்கும். யாரா இருந்தாலும் இருந்திருப்பீங்க.”

 யாராக இருந்தாலும் தமயந்தி கூட இருந்திருப்பாள்தான், அது உண்மை. அந்த உண்மையை எப்படிச் சொல்வது? மறுநாளிலிருந்து நேத்ரா அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தாள். கோபமாகக் கூப்பிட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகக் கூப்பிட்டாள்.

தமயந்தி தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாள், பாவம். நேத்ராவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைத்துக்கொண்டு ஒரு மெயில் எழுதினாள். மொட்டை. சென்னியப்பனுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்த நாளை நினைத்துக்கொண்டு எழுதினாள். மொட்டை. கடைசியில் அந்தக் காபி கந்தவேலு, டீலருக்குப் போகவேண்டிய கேபிளை வேறு எங்கோ திருப்பிவிட்டார் என்று தெரிந்து, ரத்தம் கொதிக்கக் கொதிக்க அவருக்கு ஒரு மெயில் அடித்தாள். அனுப்பியபின் பார்த்தால், அடியில் ‘அன்புடன், தமயந்தி’ என்று இருக்கிறது!

கந்தவேலு அதை ஆபீஸ் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தார். “பாத்துக்குங்க, தமயந்தி மேடத்துக்கு இந்தக் கம்பெனியில நான் ஒருத்தன்தான்” என்று. தமயந்தி பாத்ரூமுக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருஷமாக அன்பானவள் என்று தன்னைப் பற்றி ஊரே சொன்னதை நம்பி ஏமாந்துவிட்டோமோ, உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதைவிடக் கொடுமை ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டனுப்பினார். யாருக்கு எத்தனை ‘அன்புடன்’ வந்தது என்று மெய்யொப்பம் கொடுத்த அன்பு ரிப்போர்ட்டில் அவள் பெயர் கடைசியில் இருந்தது.

“உக்காருங்க தமயந்தி. உங்க வேலையில ஒரு குத்தமும் சொல்ல முடியாது. நானே நாலு பேருகிட்டப் பெருமையாச் சொல்லியிருக்கறேன். ஆனா டீலருன்னா நம்மளுக்கு சாமிங்க. அவிங்ககிட்டப் பேசற எடத்துல மனசுல ஈரம் இருக்கற ஆளு இருக்கோணும். கோவிச்சுக்காதீங்க, இத நாஞ் சொல்லல, மெஷினு சொல்லுது. ஒண்ணாந் தேதியில இருந்து அரசூர் குடோனப் பாத்துக்கங்க. ஸ்பேர் பார்ட்ஸுதான், யாருக்கும் மெயில் எழுத வேண்டியதில்ல. இங்க நேத்ரா பாத்துக்கட்டும்.”

“சரிங்க சார்” என்றாள் தமயந்தி. வேறு என்ன சொல்ல? இல்லாத ஒன்றை இருக்கிறது என்று எப்படி வாதாடுவது?

அந்த வாரம் மெய்யொப்பத்தைப் பரிசோதிக்கத் திருச்சியிலிருந்து நஸ்ரீன் வந்தாள். அதைச் செய்து விற்கும் கம்பெனியின் இன்ஜினியர். எல்லோருடைய பட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் தமயந்தியின் பட்டையைத் திரையில் போட்டதும் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள்.

“மேடம், உங்களுக்கு எதாவது மருந்து மாத்திரை சாப்பிடுற பழக்கம் உண்டா?”

“கால்சியம் மாத்திரைதாங்க. ஏனுங்க?”

“இந்தக் கோட்டைப் பாருங்க. இது ராஜமாணிக்கம் சார். கீழேயே போய்க்கிட்டிருக்கு. அவங்க மிஸஸுக்கு எழுதும்போது மட்டும் லேசா ஏறுது. அந்த ஏத்தத்தைத்தான் இது அன்புன்னு எடுத்துக்கும். இப்ப உங்க கோட்டைப் பாருங்க.”

தமயந்தி பார்த்தாள். மேலே, திரையின் விளிம்பை ஒட்டி, நேராக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

“ஏறவே இல்லீங்களே” என்றாள்.

“பாசத்துல இதுக்கு மேல எங்க மேடம் ஏறும்? பட்டை கட்டின முதல் வாரம் நாம எப்படி இருக்கோமோ அதை இது நம்ம வழக்கம்னு எடுத்து வெச்சுக்கும். அதுக்கு மேல ஏறினாத்தான் கணக்கு. உங்க வழக்கமே மத்தவங்களோட ‘மிக்க அன்புடன்’க்கு மேல இருக்கு. யாருக்கு எழுதினாலும் அங்கேயேதான் நிக்குது.”

“அப்ப அந்தக் கந்தவேலுக்கு மட்டும்?”

“கோவமா இருந்தீங்களா?”

“கடிச்சுத் தின்னர்ற கோவத்துல இருந்தேனுங்க.”

நஸ்ரீன் சிரித்துவிட்டாள். “அதான். கோவமா, பாசமா, காபியான்னு இதுக்குத் தெரியாது மேடம். ஏறுச்சா இல்லையா, அவ்வளவுதான் தெரியும்.”

தமயந்திக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கவலைப்படாதீங்க, வழக்கத்தைத் திருப்பி எடுத்துடலாம். உங்களுக்கு ஒண்ணுமே தோணாத யாருக்காவது கொஞ்சம் மெயில் எழுதுங்க. கோடு கீழே இறங்கிடும். அதைப் புது வழக்கமா வெச்சுட்டா, அப்புறம் எல்லாருக்கும் ‘அன்புடன்’ வரும்” என்றாள் நஸ்ரீன்.

முன்பின் தெரியாத ஆளாகத் தேடினார்கள். ராஜபாளையத்திலிருந்து ஒருவர் முகவரி மாறி இவர்களுக்கு டிராக்டர் டயர் கேட்டு மெயில் போட்டிருந்தார். அவருக்கு எழுதச் சொன்னாள் நஸ்ரீன். டயர் எங்களிடம் இல்லை என்று தட்ட ஆரம்பித்த தமயந்தி, விருதுநகரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று போனில் விசாரித்துச் சேர்த்தாள். மழைக்கு முன்னால் உழவேண்டும் என்று அவர் எழுதியிருந்ததால், அதுவரைக்கும் பழைய டயரிலேயே ஓட்டிப் பார்க்காதீர்கள், வழுக்கிவிடும் என்றும் தட்டினாள். கோடு அதே இடத்தில் ஜம்மென்று நின்றது. இன்னொருவருக்கு எழுதினாள். அதுவும் அப்படியே. கடைசியாக வருமான வரி ஆபீஸுக்கே ஒன்று எழுதிப் பார்த்தாள். கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. அங்கே உட்கார்ந்து இத்தனை மெயிலையும் படிக்கிறவர் யாரோ, பாவம் என்று நினைத்தாளாம், திரும்ப ஏறிக்கொண்டது.

“உங்களுக்கு வெளியாளுன்னு ஒருத்தர்கூடக் கிடையாதா மேடம்?” என்று கேட்டாள் நஸ்ரீன். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “விடுங்க. உங்க எம்டிகிட்ட நானே போய் விளக்கமாச் சொல்லிடறேன்.”

“வேண்டாமுங்க” என்றாள் தமயந்தி.

“ஏன்?”

“சுலோச்சனாவுக்குப் போன வாரம் அவ ஊட்டுக்காரர்கிட்ட இருந்து ‘அன்புடன்’ வந்துச்சுங்க. பிரிண்டு எடுத்து பீரோக் கதவுல ஒட்டி வெச்சிருக்கறா. அவருக்கு பிரஷர் வேற உண்டு. ஏறுனது எதுன்னு யாருங்க கண்டா? நேத்ரா எனக்குப் போடறா பாருங்க, ‘மிக்க அன்புடன்’னு, அதுல அவளுக்கு அத்தன பெருமை. இது ஒண்ணுந் தெரியாத மெஷினுன்னு சொன்னா, எல்லாருக்கும் வந்ததும் பொய்யின்னு ஆயிருமுங்க.”

“நீங்க குடோனுக்குப் போகணுமே மேடம்!”

“போனாப் போகுது. எனக்கு உள்ள என்னமோ இல்லையோன்னு பயந்துட்டிருந்தேன். இருக்குதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அது போதுமுங்க.”

நஸ்ரீனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. ஆனாலும் முதலாளியிடம் ஒன்றும் சொல்லாமல் திருச்சிக்குக் கிளம்பிப்போனாள்.

மாதக் கடைசி. சாயங்காலத்துக்குள் மேசையை ஒழித்துக் கொடுக்கவேண்டும். டீலர்கள் எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. குடோனுக்குப் போகிறேன் என்று எழுதினால் ஆளாளுக்கு போன் செய்து முதலாளியைத் தொந்தரவு பண்ணுவார்கள் என்று, ‘நாளையிலிருந்து ஆர்டர் விவரங்களை நேத்ராவுக்கு அனுப்பவும்’ என்று ஒரே ஒரு வரி தட்டினாள். காங்கேயத்தில் ஆரம்பித்தாள். சென்னியப்பன் என்ற பெயரை இரண்டு முறை தப்பாகத் தட்டித் திருத்தினாள். தாராபுரத்துக்கு வரும்போது எழுத்து கலங்கித் தெரிந்தது. பல்லடம், பொள்ளாச்சி என்று ஒவ்வொரு பெயராகத் தட்டி, கண்ணைத் துடைத்துத் துடைத்து அனுப்பி முடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி அறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னாலேயே நேத்ராவும் வந்தாள்.

“தமயந்தி! வந்துருச்சு! எல்லாத்துலயும் ‘மிக்க அன்புடன்’! ஒண்ணு பாக்கியில்லாம! இத்தன நாளு எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? குடோனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நீங்க இங்கயே இருங்க!”

நேத்ரா தன் கைபேசியைப் பார்த்தாள். அவளுக்கு வந்த நகலிலும் ‘மிக்க அன்புடன்’ இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

தமயந்தி எழுந்து நின்றாள். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் விஷயம் முடிந்தது. வாய் வரவில்லை.

“சார், அது அன்பு இல்லீங்க.”

“என்னது?”

“அது துக்கமுங்க. இவிங்களையெல்லாம் விட்டுட்டுப் போறமேன்னு வந்த துக்கம். நாளைக்கு நான் இங்கயே இருந்தா, பழையபடி மொட்டையாத்தான் போகும். நீங்க மறுக்காக் கூப்பிட்டு அரசூருக்குப் போகச் சொல்லுவீங்க.”

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் மேசையிலிருந்த போன் அடித்தது. காங்கேயம் நம்பர். எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். சென்னியப்பனின் குரல் கணீரென்று ஹால் முழுக்கக் கேட்டது.

“அம்மிணி, தமயந்திதானே? என்னாச்சு உனக்கு?”

“ஒண்ணுமில்லீங்களேண்ணா. ஏனுங்க?”

“ஒண்ணுமில்லாமயா இப்பிடி மெயில் வருது? ‘மிக்க அன்புடன்’னு போட்டிருக்குது. நானென்ன உனக்கு ஒறம்பரையா, விருந்தாளியா?”

“அண்ணா…”

“உங்க கம்பெனியில மத்தவன் எவன் எழுதுனாலும் அன்புடன் ஆட்டுக்குட்டியுடன்னு என்னத்தையோ போட்டு வரும். உன்னுதுல மட்டும் வெறும் பேரு இருக்கும். பாத்தா நம்மூட்டுப் புள்ள எழுதுன மாதிரி இருக்கும். நம்மூட்டுல எவளாச்சும் சோத்தப் போட்டுட்டு ‘மிக்க அன்புடன்’னு சொல்லுவாளா? ஊருக்குப் பொறப்படற ஒறம்பரைதான் வாசல்ல நின்னுட்டு அப்பிடியெல்லாம் பேசுவாங்க. அதாங் கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. எங்கயாச்சும் போறியா நீ?”

 தமயந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு போனையே பார்த்தாள். நேத்ரா மெல்ல வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு இது தோணாமப் போச்சுங்களே அக்கா” என்றாள். அவள் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.

“கேக்கறேன்ல, போறியா?” என்றார் சென்னியப்பன் மறுபடியும்.

மௌனகுருசாமி தொண்டையைக் கனைத்தார். ஜென்மத்தில் முதன்முறையாக அவருக்கு வார்த்தைக்குத் தட்டுப்பாடு வந்தது. போனுக்குக் கிட்டே குனிந்து, “அண்ணா, நாந்தான் மௌனகுரு. அது எங்கயும் போகலீங்க. இங்கதான் இருக்குது, இருக்கும்” என்றார்.

“யாரு, முதலாளியா? அப்பறம் எதுக்குங்க அந்த மெயிலு?”

“தப்பாப் போயிருச்சுங்க. எங்க தப்புதான். மன்னிச்சுக்கங்க, இனி வராதுங்க. தங்களோட ஆதரவுக்கு மிக்க…” என்று ஆரம்பித்தார் முதலாளி, பழக்கதோஷம்.

அதற்குள் சென்னியப்பன் போனை வைத்துவிட்டார். வைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. தமயந்தி அழுகையும் சிரிப்புமாக அந்த போனைத் தடவிக்கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.